நோகாத கால்

சவுந்தரநாயகத்தின் முழங்கால் சுகமாகி இரண்டு மாதமாகிவிட்டது. ஸ்கான் சொன்னது. வெட்டித் தைத்த டொக்டர் சொன்னார். வெள்ளவத்தை ஜிம்மில் இருந்த ட்றெட்மில்கூடச் சொன்னது. அதில் இருபது நிமிஷம் நிற்காமல் ஓடுகிறான், மூச்சுத்தான் வாங்குகிறதே தவிரக் கால் ஒரு சொல் பேசவில்லை. ஒத்துக்கொள்ளாத ஒரே ஆள் பிசியோ பைறோஸா. றோட்டில் ஓட விடுவதும் விடாததும் அவள் கையில் இருந்ததுதான் கரைச்சல்.

"நடந்து காட்டுங்க, மிஸ்டர் நாயகம்."

ஜிம்முக்குப் பின்பக்கம் இருந்த அவளுடைய அறையில், கதவிலிருந்து ஜன்னல்வரை நடந்து திரும்பி வந்தான்.

"நொண்டுறீங்க."

"இல்லையே."

"நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். வலது கால் தரையில படமுந்தி தூக்கிர்றீங்க. ரெண்டு தொடையும் அளந்தாச்சு, ஒரே அளவு. பலம் இருக்கு, நோவு இல்லன்னும் சொல்றீங்க. பிறகு எதுக்கு நொண்டுறீங்க?"

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

"இப்பிடியே றோட்டில ஓடினா இடுப்பு போகும், மத்தக் காலும் போகும். நொண்டல் போகட்டும். அன்னக்கே விடுறேன்."

இரண்டு மாதமாக இதே பாட்டு. பத்து வருஷமாக விடியற்காலை ஐந்து மணிக்கு வீட்டால் வெளிக்கிட்டு, ஹெவ்லொக் டவுன் வரை ஓடித் திரும்பிவந்த மனிதன் அவன். காப்புறுதிக் கொம்பனியில் பகல் முழுக்கக் கோப்புகளோடு மாரடிப்பவனுக்கு அந்த ஒரு மணித்தியாலம்தான் சொந்தம். குடியில்லை, சிகரெட் இல்லை, சீட்டாட்டமில்லை. ஓடாத நாளில் இவரோடு கதைக்கேலாது என்று மனைவி பாலேஸ்வரியே சொல்லுவாள். எட்டு மாதத்துக்கு முந்தி ஒரு நாள் இருட்டில், றோட்டோரத்தில் மூடியில்லாத கழிவுநீர்க் கானுக்குள் கால் போய்விட்டது. முழங்காலுக்குள் எதுவோ அறுந்த சத்தம் அவனுக்கே கேட்டது. மிச்சமெல்லாம் ஆஸ்பத்திரி, ஊன்றுகோல், கைத்தடி, இப்போது இந்த ஜிம்.

ஜிம் என்று பெரிதாகச் சொல்லக்கூடாது. புடவைக்கடைக்கு மேலே ஒரு மண்டபம். இரண்டு ட்றெட்மில். ஒன்றில் 'பழுது' என்று எழுதி ஒட்டிய கடதாசியே மஞ்சளாகிவிட்டது. மற்றதில் காலை ஏழு மணியிலிருந்து சிவக்கொழுந்தர் நடப்பார். நடப்பார் என்றால், அதைவிட மெதுவாக ஓட்ட அந்த மெசினால் இயலாது. இளைப்பாறிய தபால் அதிபர். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் போனை வைத்துக்கொண்டு கனடா மகளோடு கத்தரிக்காய்க் குழம்பு பற்றிக் கதைப்பார். பக்கத்தில் துவாயும் தோளுமாக ஒருவன் நிற்பது அவர் கண்ணுக்குப் படாது. பட்டாலும், "தம்பி, கால் எப்பிடி?" என்பார். இறங்கமாட்டார்.

கால் எப்படி என்று கேட்காத ஆள் அங்கே இல்லை. கேட்டவர்கள் கேட்டதோடு விட்டாலும் பரவாயில்லை. ஒருவர் நல்லெண்ணெய் என்றார், ஒருவர் ஆட்டுக்கால் சூப் என்றார், தெஹிவளையிலிருந்து வரும் ஒரு வங்கி மனேஜர் குனிந்து தழும்பையே விரலால் அமத்திப் பார்த்தார். எல்லாருக்கும் மேலே ஹியூபேட். கொட்டாஞ்சேனைக்காரன், அங்கே பயிற்சி கொடுக்கிறவன், ஒரு காலத்தில் உடல்கட்டுப் போட்டியில் கோப்பை வாங்கியவன்.

"அண்ணே, கால்ல ஒண்ணுமில்ல. நீங்க மனசாலதான் நொண்டுறீங்க."

"உன்ர வேலையப் பார்."

சவுந்தரநாயகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஹியூபேட் சொன்னது பொய்யென்பதால் அல்ல, முக்கால்வாசி மெய்யென்பதால். ஏன் நொண்டுகிறான் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். அதைப் பைறோஸாவிடம் எந்த வாயால் சொல்வது?

அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த கிழமைதான் அவனுடைய லேன் முனையில், தெற்கே காலிக்குப் போகும் காலி வீதியில் செக்பொயின்ற் முளைத்தது. வன்னியில் சண்டை மூண்டிருந்த வருஷம். கொழும்பில் எங்கே பார்த்தாலும் மண்மூட்டை. தமிழன் என்றால் அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, எங்கே போகிறாய், ஏன் போகிறாய். முழங்காலிலோ முழங்கையிலோ தழும்பு இருந்துவிட்டால் கதை வேறு. இயக்கத்தில் ஆயுதப் பயிற்சி எடுத்தவன் என்று முடிவுகட்டிவிடுவார்கள். சவுந்தரநாயகத்தின் முழங்காலில் மூன்று அங்குலத்துக்குத் தழும்பு.

ஆனால் ஊன்றுகோலோடு போன முதல் நாள் அவனை யாரும் மறிக்கவில்லை. அங்கே நின்ற ஆமிப் பையன், இருபத்திரண்டு வயதுதான் இருக்கும், கையைக் காட்டிப் போகவிட்டான். கைத்தடியோடு போனபோதும் அப்படித்தான். "ககுல கொஹொமத, மாத்தயா?" கால் எப்படி என்று விசாரிப்பான். "தாம ரிதெனவா" என்பான் இவன். இன்னும் நோகுது. அப்போது அது உண்மை.

கைத்தடியை விட்ட கிழமை, நோவும் விட்டிருந்தது. அலுவலகத்துக்குப் பிந்திவிட்டதென்று ஒரு நாள் நேராக, வேகமாக நடந்து போனான். அன்றைக்கு நின்றவன் வேறொருத்தன். மறித்தான். பையைக் கொட்டினான். காற்சட்டையைச் சுருட்டச் சொன்னான். தழும்பைக் கண்டதும் முக்கால் மணித்தியாலம் வெய்யிலில் நிறுத்திவைத்து, டொக்டரின் கடிதத்தை மூன்று பேர் மாறி மாறிப் பார்த்தார்கள். அடுத்த நாள் மண்மூட்டையைக் கண்டதும் கால் தானாக நொண்டியது. கையைக் காட்டிப் போகவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நொண்டுவது பழக்கமாகிவிட்டது. போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. செக்பொயின்ற் தாண்டிப் பத்தடியில் நிறுத்திவிடலாம் என்றுதான் தொடங்கினான். பிறகு பஸ் தரிப்புவரை நொண்டினான். இப்போது பைறோஸாவின் அறைக்குள்ளும் நொண்டுகிறான்.

"நொண்டினா நொண்டிக்கொண்டு போங்கோவன்," என்றாள் பாலேஸ்வரி, இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டு அவித்தபடி. "பக்கத்து லேனில பாண் வாங்கப் போன மனுசன் மூண்டு கிழமையா இல்லை. நீங்கள் முழுசா வீட்டை வாறீங்கள். இதில உங்களுக்கு என்ன குறைஞ்சுபோச்சு?"

"என்ர கால் குறைஞ்சுபோச்சு."

"எனக்கு ஓடுற மனுசன் வேண்டாம். வீட்டை வாற மனுசன் காணும்."

அவள் சொல்வதிலும் பிழையில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். ஆரோடு கோபிப்பது? காலோடா, கானுக்கு மூடி போடாதவனோடா, துவக்கு வைத்திருக்கிறவனோடா? அன்றிரவு ஒரு முடிவுக்கு வந்தான். நாளைக்கு நேராக நடக்கிறது. நோகாத காலை நோகிற கால் மாதிரி இனி ஒரு அடிகூட வைப்பதில்லை. ஒரு கிழமை மறிப்பார்கள், பத்து நாள் மறிப்பார்கள், பிறகு பழகிப்போவார்கள். நொண்டல் போகும். ஓடலாம்.

செவ்வாய்க்கிழமை காலை அலுவலக உடுப்போடே ஜிம்முக்கு வெளிக்கிட்டான். தோளில் பை, சட்டைப் பையில் டொக்டரின் கடிதம். லேன் முனையில் வரிசை நின்றது. அந்தப் பழைய பையன்தான் நின்றான். பரவாயில்லை, தெரிந்தவன் என்று நினைத்தான். மனிதன் செய்த பிழை அதுதான்.

நிமிர்ந்து, இரண்டு காலையும் ஒரே அளவாக வைத்து வந்தவனைக் கண்டதும் பையன் முதலில் சிரித்தான். பிறகு அவன் முகம் மாறியது.

"நேற்று நோகுது என்று சொன்னாயே?" என்று சிங்களத்தில் கேட்டான். மாத்தயா என்ற மரியாதை போய்விட்டது.

"இப்ப சுகம்."

"ஒரு ராத்திரியிலா?"

இரண்டு மாதமாகச் சுகம் என்றால், இரண்டு மாதமாக நடித்தாய் என்றாகும். நடித்தவன் ஏன் நடித்தான்? இல்லை, இன்றும் நோகிறது என்றால், பிறகு இந்த நடை எதற்கு? மாதக்கணக்காகத் தன்னை ஏமாற்றிவிட்டான் என்ற கோபம் பையனின் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. பாவம் பார்த்தவனுடைய கோபம் அது. அவன் அட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே குரல் கொடுத்தான்.

மேலதிகாரி வந்தார். பை கொட்டப்பட்டது. ஓடுகிற சப்பாத்து, துவாய், தண்ணீர்ப் போத்தல். காற்சட்டை சுருட்டப்பட்டது. தழும்பு. கடிதம்.

"என்ன இந்தச் சப்பாத்து?"

"நான் ஓடுறனான், சேர். காயம் வரமுந்தி ஒவ்வொரு நாளும் ஓடினனான்," என்றான் தனக்குத் தெரிந்த சிங்களத்தில்.

அவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். அவனுடைய அட்டையால் தெற்குப் பக்கம் காட்டினார். ஐம்பது யார் தூரத்தில் ஒரு லைற் கம்பம்.

"அங்கே போய்த் திரும்பி வா. துவன்ன."

ஓடு.

வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. ஜிம்முக்கு வரும் வழியில் தன் பையைத் திறந்து காட்டிக்கொண்டிருந்த ஹியூபேட்டும் அங்கே நின்றான். எட்டு மாதமாக எந்த றோட்டுக்காக ஏங்கினானோ அந்த றோட்டு. சவுந்தரநாயகம் ஓடினான்.

முதல் நாலடி பயத்தில் போயிற்று. ஐந்தாவது அடியில் கால் பிடித்துக்கொண்டது. அலுவலகச் சப்பாத்துத்தான், சுருட்டிய காற்சட்டைதான், பின்னால் துவக்குத்தான். ஆனாலும் தார் றோட்டு உள்ளங்காலில் அடித்துத் திருப்பித் தந்தது. வலது கால் இடது காலைப் போலவே விழுந்தது. நொண்டல் இல்லை, நோவு இல்லை. வெட்கம் கெட்ட சந்தோஷம் ஒன்று நெஞ்சுக்குள் பொங்கியது. இந்த நேரத்திலா என்று தன்னையே திட்டிக்கொண்டான். லைற் கம்பம் வந்துவிட்டது. அதற்கப்பால் தெஹிவளைவரைக்கும் றோட்டு நேராகக் கிடந்தது.

அட்டை அங்கே அவர் கையில் இருந்தது. திரும்பினான்.

திரும்பியதும் மண்மூட்டை எதிரே வந்தது. இரண்டடி சரியாகப் போயிற்று. மூன்றாவது அடியில் வலது கால் தரையில் படுமுன் தூக்கிக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தி வைத்தான். அடுத்ததிலும் தூக்கியது. நோகவில்லை. துளியும் நோகவில்லை. நிமிர்ந்து ஓட வேண்டும் என்று அவன் முழு மனதோடு நினைத்தான். கால் கேட்கவில்லை. அந்த ஐம்பது யார் தூரத்தையும் நொண்டி நொண்டியே வந்து சேர்ந்தான்.

மேலதிகாரி சிரித்துவிட்டு அட்டையைப் பையனிடம் கொடுத்து, உள்ளே போய்விட்டார். பையனுடைய கோபம் போய்விட்டது. அட்டையை நீட்டி, தான் இருக்கிற பிளாஸ்ரிக் கதிரையையும் இழுத்துப் போட்டான்.

"வாடிவென்ன, மாத்தயா. மெதுவாகத்தான் சுகப்படும். ஏன் அவசரப்படுகிறீர்கள்?"

"ரிதென்னே நே!" என்று கத்தினான் சவுந்தரநாயகம். "நோகேல்லை! எனக்கு நோகேல்லை!"

வரிசையில் நின்றவர்கள் பரிதாபமாகப் பார்த்தார்கள். ஹியூபேட் ஓடிவந்து தோளுக்குக் கீழே கை கொடுத்து, "இருங்கண்ணே, இருங்க," என்று அவனைக் கதிரையில் இருத்தினான்.