கோல் வலையில் இறங்கியவன்

காற்றின் அந்தரங்கம் முழுவதும் அறிந்தவன் இந்த உலகத்தில் ஒருவன்தான், எலப்புள்ளி ஊர்க்காரனான தான்தான் அவன் என்பது பூபதிராஜாவின் கருத்து. கருத்து என்று சொன்னால் கோபித்துக்கொள்வான், உண்மை என்பான்.

அந்த உண்மையைக் காட்டத்தான் அப்பா குப்பண்ணனைச் சூரியநெல்லிக்கு வரவழைத்திருந்தான். மகன் மலையுச்சியிலிருந்து பாராகிளைடரில் பறந்துவந்து, கீழே புல்வெளியில் ஒழுங்காக இறங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டால், அவன் இங்கேயே பறந்துகொண்டிருக்க அவருக்குச் சம்மதம். இல்லையென்றால் பையன் ஊருக்குத் திரும்பி வயலில் டிராக்டர் ஓட்ட வேண்டும்.

புல்வெளி ஓரத்தில் ஒரு மூங்கில் கம்பு. கூடப் பறக்கும் ஞானஜோதி தன் பழைய துப்பட்டாவைக் கிழித்து அதன் நுனியில் கட்டியிருந்தாள். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று அது காட்டும். அதைப் பார்த்து, காற்றுக்கு எதிர்முகமாக இறங்க வேண்டும்.

மலையேற ஜீப்புக்குக் காத்திருந்தபோது பூபதி அதை அண்ணாந்து பார்த்தான். "ஏனுங்க ஜோதி, புள்ள வரம் கேட்டு மரத்துல துணி கட்டறாப்புல இருக்குதுங்களே."

"வரம் கெடைக்குதோ இல்லியோ, எறங்கும்போது அதப் பாருங்க. மத்தியானத்துக்கு மேல காத்து திரும்பிரும்."

"காத்து எனக்கு மச்சானாட்டங்க. திரும்புனா சொல்லீட்டுத்தான் திரும்பும்."

பறந்ததென்னவோ அழகாகத்தான். தேயிலைக்கு மேலே பாராகிளைடரின் ஆரஞ்சுத் துணிச் சிறகு வட்டமிட்டபோது கொழுந்து பறித்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பூபதி அவர்களுக்குக் கைகாட்டினான். அந்த நேரத்தில் துணியைப் பார்த்திருக்கலாம். மச்சான் சொல்லாமலே திரும்பிவிட்டிருந்தது. அது முதுகில் கைவைத்துத் தள்ள, நிற்க வேண்டிய புல்வெளியைத் தாண்டி, மூங்கில் கம்பைக் காலால் முறித்து, ஆட்டம் நடந்துகொண்டிருந்த அடுத்த கால்பந்து மைதானத்துக்குள் சறுக்கிக்கொண்டே போய்க் கோல் வலைக்குள் அடங்கினான். சிறகு மேலே விழுந்து மூடிக்கொண்டது.

நடுவராக நின்ற ஏசுரத்தினம் சற்று யோசித்துவிட்டு விசில் ஊதினார். "ஆஃப்சைடு."

"பந்துன்னா பிடிச்சிருப்பேண்ணே," என்றான் கோல்கீப்பர் ஜோஜோ. "ஆளுன்னு தெரிஞ்சதும் விலகிட்டேன்."

மைதானமே சிரித்தது. பூபதிக்கு முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. ஆனால் சிறகின் இடுக்கு வழியே அப்பாவின் செருப்பு நெருங்கி வருவது தெரிந்தது. டிராக்டர் சத்தம் இப்போதே காதில் கேட்டது.

"எலும்பு கிலும்பு?"

"ஒண்ணுமில்லீங்கப்பா. காத்துதான் திடீர்னு..."

"திடீர்னா? அந்தப் புள்ள கட்டுன துணியில எனக்கே தெரிஞ்சுதுடா."

பூபதி வலையின் கண்ணிகளை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"டிராக்டர் பழகறப்ப மாட்டுக்கொட்டாய இடிச்சுப்போட்டே. அதுக்குன்னு டிராக்டர வித்துட்டமா?" துண்டால் வாயைப் பொத்தியும் குப்பண்ணனின் தோள் குலுங்கியது. "நாளைக்கு மறுக்கா எறங்கிக் காட்டு. பாத்துட்டுத்தான் ஊட்டுக்குப் போவேன்."

ஆட்டம் முடிந்து எல்லாரும் டீக்கடைக்குப் போன பிறகு, பூபதி புல்வெளி ஓரத்தில் புதுக் கம்பு ஒன்றை நட்டான். துப்பட்டாத் துணி நார்நாராகியிருந்தது. முதுகில் தன் பெயரை அச்சடித்து வைத்திருந்த டீ-சர்ட்டைப் பையிலிருந்து எடுத்தான். பெயருக்கு நடுவே கிழித்து, நுனியில் இரண்டு முடிச்சாகக் கட்டினான். யாரும் பார்க்கவில்லையே என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று அண்ணாந்து நின்றான்.