மைனஸ் பதினைந்து

முதலாளி அரைக்கைச் சட்டையோடு குளிர் அறைக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தபோது மணி மூன்று. இரண்டு மணி நேரம் உள்ளே இருப்பார். கதவின் கண்ணாடி வழியே காட்டும் கைபேசி நேரலையில் அதைப் பார்ப்பவர்கள் பணம் அனுப்ப வேண்டும். எங்கள் கிடங்கில் சுமை தூக்கும் மூட்டை அண்ணனின் சிறுநீரக அறுவைக்கு. நாளைக் காலைக்குள் கட்டாவிட்டால் அந்தத் தேதி வேறொருவருக்குப் போய்விடும். அண்ணனைப் படத்தில் தெரியும்படி வாசலிலேயே உட்கார வைத்திருந்தார்கள்.

கதவுக்கு மேலிருந்த வெப்பமானி மைனஸ் பதினைந்து காட்டியது. உள்ளே உண்மையில் பன்னிரண்டு டிகிரி. அந்த அறையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. காலையில் முதலாளி, "ஏதாவது வழி பண்ணுடா" என்றதும், வெப்பமானியின் வயரை இழுத்துப் பக்கத்து அறையின் மீன் பெட்டிக்குள் செருகியது நான்தான். "நான் பொய்யா ஒக்காந்தாலும் வர்ற காசு நிஜம்டா," என்று சிரித்தார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இப்போது எழுதும்போது அப்படிப் பட்டதா என்று சந்தேகமாக இருக்கிறது.

ஐம்பதாவது நிமிடம். வெளியே நின்று, பார்ப்பவர்கள் எழுதுவதை உரக்கப் படித்துக்கொண்டிருந்த முதலாளியின் மச்சான் பாதியில் நிறுத்தினார். இவ்வளவு குளிரில் மூச்சில் புகை வரவில்லையே என்று எவனோ கேட்டிருந்தான். பின்னாலேயே பத்துப் பேர். அனுப்பியதைத் திருப்பிக் கேட்டார்கள். அண்ணன் தரையைப் பார்த்தார்.

"எறக்குடா," என்றார் மச்சான், உதடு அசையாமல்.

"எவ்வளவு?"

"வெளிய என்ன காட்டுதோ அவ்வளவு."

காலி அறை, சீக்கிரம் குளிரும். ஐந்து டிகிரியில் நிறுத்தியிருந்தாலே புகை வந்திருக்கும். அது எனக்குத் தெரியும். ஆனாலும் என் கட்டை விரல் குளிரைக் கூட்டும் பொத்தானை விடவில்லை. அண்ணனுக்காக என்று சொல்லிக்கொண்டேன். அண்ணன் மயங்கி விழுந்த அன்று, அரை நாள் சம்பளத்தைப் பிடித்தவர் உள்ளே இருக்கிறார் என்பதும் அந்த விரலில் எங்கோ இருந்தது.

புகை வந்தது. சந்தேகப்பட்டவர்கள் மன்னிப்புக் கேட்டு இரட்டிப்பாக அனுப்பினார்கள். முதலாளி ஒவ்வொரு பெயருக்கும் கையைத் தூக்கினார். பிறகு பாதிதான் தூக்கினார். பிறகு பேச்சு நின்றது. கதவை உள்ளிருந்தும் திறக்கலாம். அவர் எழவில்லை, முடியவில்லையா, ஊரே பார்க்கும்போது மனமில்லையா, தெரியவில்லை.

"தம்பி, கதவைத் தொற," என்றார் அண்ணன்.

மச்சான் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இன்னும் இருபது நிமிஷம்ணே. இன்னும் கொஞ்சந்தான் கொறையுது. உனக்காகத்தானே ஒக்காந்திருக்காரு?"

"எனக்காகத்தான். அதான் சொல்றேன்."

நான் மச்சானைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அண்ணன் சுவரைப் பிடித்து எழுந்தார். ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன கையால் கதவின் நீளமான இரும்புப் பிடியைப் பற்றி இழுத்தார். கதவு உறைந்து இறுகிப்போயிருந்தது. நூறு கிலோ மூட்டையை ஒற்றை ஆளாய்த் தூக்கியவர் இன்னொரு முறை இழுத்தார். அசையவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். பிடியில் அவர் கையை ஒட்டி இன்னொரு கைக்கு இடமிருந்தது. அங்கே வெள்ளையாகப் பனி படர்ந்திருந்தது.