டாக்டர் வண்டிக்கு இரண்டு இழுப்பறை

சமையலறை அலமாரி வேலை என்றால் அந்த வட்டாரத்தில் ரசமட்டத்தைத்தான் கூப்பிடுவார்கள். அது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் சட்டைப் பையிலிருந்து ஒரு சாண் நீள ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைப்பார். குமிழி எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். அதற்குப் பிறகுதான் வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பார். "டீ குடுத்தாக்கூட டம்ளர்ல டீ ஒரு பக்கமா சாஞ்சிருக்கான்னு பாக்கற மனுஷன்" என்பாள் மனைவி. அவர் செய்த அலமாரிக் கதவுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. வேலை தெரிந்தவனுக்கு இருக்கிற அளவுதான்.

மனைவியின் தங்கை மாட்டு டாக்டர். மலைமேல் மந்தை வைத்திருப்பவர்களைத் தேடிப் போய் வைத்தியம் பார்ப்பது அவள் வேலை. அதற்காக அலுவலகம் ஒரு வண்டி கொடுத்திருந்தது. நான்கு சக்கரமும் இழுக்கும். பாதை இருந்தால் பாதையில் போகும், இல்லாவிட்டால் ஆற்றுப் படுகையில் போகும். பின் சீட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் சாமான்களைப் போட்டு வைத்திருந்தாள். போட்டு வைத்திருந்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. மருந்துப் புட்டி, கயிறு, வாளி, ரப்பர் பூட்ஸ், ஐஸ் பெட்டி எல்லாம் ஒன்றோடொன்று கட்டிப் புரண்டுகொண்டு கிடக்கும். ஒருநாள் அயோடின் புட்டி உடைந்து, வண்டிக்குள் ஒரு வாரம் யாரும் மூச்சு விட முடியவில்லை. அதன் பிறகுதான் வந்தாள்.

"அத்தான், ஊரெல்லாம் சமையல்கட்டு செய்றீங்க. என் வண்டிக்கு ஒண்ணு செஞ்சு குடுங்க. எது எங்க இருக்குன்னு கண்ணை மூடிட்டு எடுக்கணும்."

"எடுக்கறப்ப மூடிக்கோ. ஊசி போடறப்பவாவது தெறந்துக்கோ" என்றார் அவர்.

அளவெடுக்கவே இரண்டு நாள் ஆயிற்று. வண்டிக்குள் நேர்கோடு என்று ஒன்று கிடையாது. சக்கரத்துக்கு மேலே தகடு புடைத்துக்கொண்டிருந்தது. தரை வாய்க்கால் வாய்க்காலாக ஓடியது. பக்கச் சுவர் உள்ளே சாய்ந்து வந்தது. அட்டையில் வெட்டி வெட்டிப் பொருத்திப் பார்த்து, அந்தக் கோணல்களை எல்லாம் வெளியே தள்ளிவிட்டு, நடுவில் அப்பழுக்கில்லாத ஒரு நீள்சதுரத்தைப் பிடித்தார்.

பிறகு மூன்று வாரம். முக்கால் அங்குல ப்ளைவுட். மூட்டுக்கு மூட்டு பசை, நாலு அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ, ஸ்க்ரூ தலை தெரியாதபடி மேலே வெள்ளை மைக்கா. இரண்டு நீள இழுப்பறைகள். இடது பக்கம் மருந்துக்கு. ஒவ்வொரு புட்டிக்கும் அதன் இடுப்பளவுக்கு ஒரு குழி. வலது பக்கம் கயிறு, கையுறை, பிரசவத்துக்கான வழுக்கு மருந்து, கருவிகளுக்கு. இழுப்பறை ஓட, தொட்டால் தானாக மெல்ல மூடிக்கொள்ளும் ஸ்டீல் சானல். பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் இடைவெளி; காற்றே கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மேலே தட்டையான பலகை, ஐஸ் பெட்டி வைக்க. எல்லாவற்றையும் தரைத் தகட்டோடு பன்னிரண்டு ஸ்க்ரூ போட்டு இறுக்கினார்.

தூக்கி வைக்க நாலு பேர் வேண்டியிருந்தது. அதில் ஒருவர் டாக்டரோடு போகும் கம்பவுண்டர். ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தது. இடுப்புவலி மட்டும் முன்கூட்டியே வந்துவிட்டது. இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: "ஐயா, இது வண்டிக்கு அலமாரியா, அலமாரிக்கு வண்டியா?"

மனைவி இழுப்பறையை இழுத்துப் பார்த்தாள். அது சத்தமில்லாமல் வந்து, சத்தமில்லாமல் திரும்பிப் போயிற்று. "நம்ம வீட்டு அடுப்படிக்குப் பதினாறு வருஷமா ஒரு கதவு இல்ல" என்று மட்டும் சொன்னாள்.

நாலாம் நாள் தங்கையிடமிருந்து போன் வந்தது.

"அத்தான், அழகுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. மேட்டுல ஏறினா ட்ராயர் தானா வெளிய வந்து பின்கதவை இடிக்குது. எறங்கினா பெட்டியே முன்னால நகர்ற மாதிரி இருக்கு. கம்பவுண்டருக்குத் தோள்ல ஒரு இடி."

"நீ ஓட்டறதுல இருக்கும்."

"நான் எட்டு வருஷமா ஓட்டறேன்."

"எட்டு வருஷமா தப்பா ஓட்டினாலும் எட்டு வருஷம்தான்."

போனை வைத்ததும் மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"நான் ஆட வரலைடி. கூடத்தைக் கட்டினவன். கூடம் கோணல் இல்ல."

இழுப்பறைகளுக்கு இரண்டு தாழ்ப்பாள் வைத்துக் கொடுத்தார். அடுத்த வாரம் மறுபடி போன். இப்போது இழுப்பறை வெளியே வரவில்லை. சில இடங்களில் எவ்வளவு இழுத்தாலும் திறக்கவே மாட்டேன் என்கிறது. வண்டி சமதரைக்கு வந்தால் ஒன்றும் நடக்காதது போலத் திறந்துகொள்கிறது. அவர் நம்பவில்லை. மரம் பொய் சொல்லாது, மச்சினி கொஞ்சம் கூட்டிச் சொல்வாள் என்பது அவர் கணக்கு.

"ஒருநாள் கூட வாங்க" என்றாள் அவள். "வந்து உங்க கண்ணால பாருங்க."

போனார். முன்சீட்டு அகலமானதுதான். மச்சினி ஓட்ட, நடுவில் கம்பவுண்டர், ஓரத்தில் அவர். ஊர் எல்லை தாண்டும்வரை பெட்டி பெட்டிப் பாம்பாக அடங்கிக் கிடந்தது. ஆற்றுப் படுகையில் இறங்கியதும் பேச ஆரம்பித்தது. முதலில் ஒரு சின்ன முனகல்; அது சானல் என்று அவருக்குத் தெரிந்தது. பிறகு ஒரு க்ளிக். தரையில் ஒரு ஸ்க்ரூ பிடிவிடுகிறது. பிறகு ஒரு நீண்ட கீச்சு. அது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு பாறைமேல் முன்சக்கரம் ஏறியபோது அவர் தலை கூரையில் முட்டியது. மச்சினி திரும்பிப் பார்க்காமல், "இது நல்ல பாதை அத்தான்" என்றாள்.

அன்று போக வேண்டிய மந்தை ஒரு சரிவில் இருந்தது. சொந்தக்காரி ஒரு ஒல்லியான பெண். தலையில் துண்டு கட்டியிருந்தாள். வண்டியைக் கண்டதும் எதிரே ஓடி வந்தாள். அவர்கள் வந்தது தடுப்பூசி போட. அவள் ஓடி வந்தது வேறு காரியத்துக்கு.

"காலையிலேர்ந்து முக்குது டாக்டரம்மா. கன்னு வரவே மாட்டேங்குது."

மாடு வேலி ஓரம் படுத்திருந்தது. டாக்டர் கையைக் கழுவிவிட்டு மண்டியிட்டாள். தோள்வரை கை உள்ளே போயிற்று. கொஞ்ச நேரம் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு கால் மடங்கிக் கெடக்கு. நிமித்திடலாம். கயிறு வேணும், வழுக்கற மருந்து வேணும். வலது ட்ராயர்."

கம்பவுண்டர் போனார். இழுத்தார். "ஐயா, வரமாட்டேங்குது" என்று கத்தினார்.

ரசமட்டம் போய்ப் பார்த்தார். வண்டி நின்ற இடத்தில் பின்பக்கம் ஒரு சக்கரம் பாறைமேல் ஏறியிருந்தது, இன்னொன்று பள்ளத்தில் இறங்கியிருந்தது. வண்டியின் உடம்பு துணி பிழிவதைப் போல லேசாக முறுக்கிக்கொண்டிருந்தது. தரையோடு இறுக்கிய அவருடைய பெட்டியும் கூடவே முறுக்கிக்கொண்டது. இழுப்பறையின் மேல் மூலை ஒரு பக்கம் சட்டத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. எதிர் மூலையில் விரல் நுழையும் சந்து. நீள்சதுரம் சாய்ந்துபோயிருந்தது. அந்தக் கீச்சுச் சத்தம் என்னவென்று அவருக்கு அப்போது புரிந்தது.

"வண்டியை எடுத்துச் சமமா நிறுத்துங்க" என்றார்.

"சமமான எடம் வேணும்னா ஆத்தங்கரைக்குத்தான் போவணும். இருவது நிமிஷம் எறக்கம், இருவது நிமிஷம் ஏத்தம்" என்றார் கம்பவுண்டர்.

வேலிப் பக்கமிருந்து குரல் வந்தது. "அத்தான், கயிறு."

மந்தைக்காரியிடம் கயிறு இருந்தது. ஆனால் அது மாடு கட்டும் முரட்டுக் கயிறு. டாக்டர் அதைப் போட்டுப் பார்த்தாள். கன்றின் வழுக்கும் காலில் அது நிற்கவில்லை.

ரசமட்டம் ஜாக்கி கம்பியை எடுத்தார். மேல்பலகையின் ஓரத்தில் கொடுத்து நெம்பினார். அசையவில்லை. நாலு அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ. எங்கெங்கே என்று அவருக்கு மனப்பாடம். ஆனால் எல்லாவற்றின் மேலும் மைக்கா ஒட்டியிருந்தது. மைக்காவைப் பெயர்த்தார். திருப்புளியால் ஸ்க்ரூவைக் கழற்றியும் பசை விடவில்லை. வேலை தெரியாத ஒருவன் செய்திருந்தால் இரண்டே அடியில் பிளந்திருக்கும். இவர் செய்தது. அடித்தார். கம்பி எகிறி வந்தது. மறுபடி அடித்தார். மரச்சிம்பு ஒன்று உள்ளங்கையைக் கீறிக்கொண்டு போயிற்று.

"அத்தான்." இரண்டாம் முறையும் அவள் குரலை உயர்த்தவில்லை.

கடைசியில் பலகை நடுவில் பிளந்தது. கையை விட்டுத் துழாவிக் கயிற்றையும் மருந்தையும் எடுத்துக் கம்பவுண்டரிடம் வீசினார். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அவர் பார்க்கவில்லை. கம்பவுண்டர் பிற்பாடு ஒரு தடவை பத்து நிமிஷம் என்றார், இன்னொரு தடவை கால் மணி என்றார்.

கயிறு போட்ட பிறகு வேலை சீக்கிரம் முடிந்தது. மாடு முக்கும்போது வண்டியில் வந்த மூன்று பேரும் சேர்ந்து இழுத்தார்கள். கன்று வந்தது. டாக்டர் அதன் மூக்கைத் துடைத்தாள், பின்னங்காலைப் பிடித்துத் தொங்கவிட்டாள், வைக்கோலால் நெஞ்சைத் தேய்த்தாள், வாய்க்குள் விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு நிறுத்திவிட்டாள். கறுப்புக் கன்று, நெற்றியில் ஒரு வெள்ளைத் திட்டு.

மந்தைக்காரி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "மாடு?" என்று கேட்டாள்.

"பிழைச்சுக்கும். ரெண்டு நாள் கழிச்சு வந்து பாக்கறேன்."

மாடு தட்டுத் தடுமாறி எழுந்து கன்றை நக்க ஆரம்பித்தது. யாரும் தடுக்கவில்லை. டாக்டர் வாளித் தண்ணீரில் கை கழுவினாள். அவருடைய உள்ளங்கையையும் கழுவி, மருந்து வைத்துக் கட்டினாள். கட்டும்போது தலை நிமிராமல் சொன்னாள்: "நாம வர்றதுக்கு முன்னாடியே போயிடுச்சு அத்தான்."

"ம்" என்றார் அவர்.

திரும்பும்போது முன்னால் உட்காரவில்லை. பின்பக்கம், உடைந்த பெட்டிக்குப் பக்கத்தில், கால் மடக்கி உட்கார்ந்துகொண்டார். வழி நெடுக விரலைச் சந்தில் வைத்து, எந்தக் குழியில் எந்த மூலை நெருங்குகிறது, எந்த மேட்டில் விலகுகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தார். இரண்டு தடவை விரல் நசுங்கியது. வீட்டுக்கு வந்ததும் மனைவி கைக்கட்டைப் பார்த்தாள். பழமொழி எதுவும் சொல்லவில்லை.

பெட்டியின் மிச்சத்தைக் கழற்றி எறிந்துவிட்டு மறுபடி தொடங்கினார். இந்தத் தடவை அரை அங்குலத்துக்கும் குறைவான ப்ளைவுட், கனம் பாதி. மைக்கா கிடையாது. வெல்டிங் கடைக்காரரிடம் சொல்லி ஒரு இரும்புச் சட்டம் அடித்து, கழற்றிய சீட்டின் பழைய போல்ட் ஓட்டைகளிலேயே, மேலும் கீழும் தடித்த ரப்பர் வைத்து மாட்டினார். வண்டி முறுக்கிக்கொண்டால் முறுக்கை ரப்பர் வாங்கிக்கொள்ளட்டும் என்று. ஸ்டீல் சானலை விட்டுவிட்டு வழுக்கும் நைலான் பட்டைமேல் இழுப்பறையை ஓடவிட்டார். சுற்றிலும் ஒரு விரற்கடை இடைவெளி. பார்க்கச் சகிக்கவில்லை. அந்த இடைவெளியை வெட்டும்போது அவர் கை இரண்டு முறை தயங்கி நின்றது. மேல்பலகையை ஸ்க்ரூ போடாமல் கீலும் கொக்கியும் வைத்து மூடியாக்கினார். இழுப்பறை எப்படிச் சிக்கினாலும் மேலே திறந்து கையை விடலாம்.

"இது என்ன, பழைய சாமான் கடையில வாங்கினதா?" என்றார் கம்பவுண்டர். ஆனால் இந்த முறை தூக்கி வைக்க இரண்டு பேர் போதுமாயிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சினியைக் கூட்டிக்கொண்டு ஆற்றுப் படுகைக்குப் போனார். ஒரு பாறையைக் காட்டிப் பின்சக்கரத்தை அதன்மேல் ஏற்றச் சொன்னார். வண்டி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. வலது இழுப்பறையை இழுத்தார். கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு வந்தது. மூடினார். இழுத்தார். பத்துப் பன்னிரண்டு தடவை.

அவள் பாறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இழுப்பறையைப் பார்த்தபடியே கேட்டார்.

"அந்தக் கன்னு. முன்னாடியே போயிடுச்சுன்னு சொன்னியே. நெஜமாவா, எனக்காகவா?"

அவள் ஒரு கூழாங்கல்லைக் கையில் எடுத்தாள்.

"மொதல்ல கைவிட்டப்ப காலைக் கிள்ளினேன். இழுத்துக்கல. பெரும்பாலும் போயிடுச்சுன்னுதான் அர்த்தம். ஆனா களைச்சுப் போன கன்னும் சில சமயம் இழுத்துக்காது." கையிலிருந்த கூழாங்கல்லைத் தண்ணீரில் போட்டாள். "எனக்குத் தெரியாது அத்தான். அதுதான் நெஜம்."

"கயிறு ஒடனே வந்திருந்தா?"

"அதுவும் தெரியாது."

அவர் தலையாட்டினார். அவள் வேறு எதுவும் சேர்த்துச் சொல்லவில்லை. சொல்லாததும் அவருக்கு நல்லதாகவே பட்டது. ஆறுதல் என்று ஒன்றை வாங்கிக்கொண்டு எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

"எறக்கிட்டு, அந்தப் பக்கச் சக்கரத்தை ஏத்து" என்றார்.

ஏற்றினாள். வலது இழுப்பறை வந்தது. இடது இழுப்பறை பாதி வந்து, ஒரு இடத்தில் உரசி நின்றது. அவர் மேல்மூடியைத் திறந்தார்; கை தாராளமாக உள்ளே போயிற்று. ஆனாலும் உரசுகிறது உரசுகிறதுதான். இழுப்பறையைக் கழற்றி மணலில் கவிழ்த்து வைத்து, பையிலிருந்து இழைப்புளியை எடுத்தார். அவள் வண்டி நிழலில் சாய்ந்து, மறுநாள் போக வேண்டிய மந்தைகளின் பட்டியலை எழுத ஆரம்பித்தாள்.