ஒரே நம்பரில் இரண்டு பேர்

சாப்ட்வேர் புதுப்பிக்கப்பட்ட மறுநாள் காலை, சினிமாவில் கூட்டத்தோடு நிற்கவும் பின்னணியில் குரல் கொடுக்கவும் போய்வந்துகொண்டிருந்த அக்காவும் தங்கையும் ஒரே ஆளாக எழுந்தார்கள். முதலில் பார்த்தவன் அக்காவின் புருஷனான லைட்மேன். கட்டிலில் படுத்திருந்தவளுக்கு உயரம் மனைவியுடையதாகவே இருந்தது. மணிக்கட்டில் மட்டும் கொழுந்தியாளின் தீக்காயத் தழும்பு. பக்கத்து அறையில் கொழுந்தியாளின் படுக்கை, ஆள் படுத்த சுருக்கம் கலையாமல் காலியாகக் கிடந்தது. யார் வாயைத் திறக்கிறாளோ அவள் முகமாக அந்த முகம் தெரிந்தது. அவன் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். எடை இரண்டு ஆளுக்கானதாக இருக்கிறது, இருதயம் குண்டுக்கல் மாதிரி இருக்கிறது, உப்பை மட்டும் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று அவர் சீட்டு எழுதிக் கொடுத்தார். தெரு ஒரு வாரம் வாயைப் பிளந்து பார்த்தது. பிறகு குழாயில் தண்ணீர் வராமல் போனதால் கவனம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த இரண்டு பேரும் வெகுநாளாக முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளாதவர்கள். ஒரு படத்தில் அக்காவுக்குத் தருவதாகச் சொன்ன 'பஸ் போயிடுச்சும்மா' என்ற ஒற்றை வசனத்தை டைரக்டர் கடைசி நேரத்தில் தங்கைக்குக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து உப்பு எங்கே என்று கேட்பதாக இருந்தாலும் லைட்மேன் வழியாகத்தான் கேட்பார்கள். முகம் கொடுத்துப் பேசாதவர்களுக்கு இப்போது இருந்ததே ஒரு முகம்தான்.

இவர்கள் ஒன்றானதற்குக் காரணமானவர் அந்தக் காலையில் வேறொரு தெருவில் நிம்மதியாகப் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். சினிமாக்காரர்கள் அவரை அப்டேட் என்றுதான் கூப்பிடுவார்கள். வந்தால் எதையாவது புதுப்பித்துவிட்டுத்தான் போவார் என்பதால் வந்த பெயர். கேமரா வாடகைக்கு விடுபவர்கள், உடை தைப்பவர்கள், எடிட்டிங் அறைக்காரர்கள் என்று சினிமாவைச் சுற்றிப் பிழைக்கிறவர்களின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. நேற்றுவரை இங்கே இருந்த பட்டன் எங்கே என்று போனில் சண்டைக்கு வருவார்கள்; அது வலது பக்கம் நகர்ந்திருக்கிறது என்று பொறுமையாகச் சொல்வார். அவர்களில் துணை நடிகர்களை அனுப்பும் ஏஜென்ட் ஒரு தனி ரகம். ஒருவன் மீசையை எடுத்துவிட்டு வந்தால் அவனைப் புது ஆளாகப் பதிவு செய்வார். வளர்த்துக்கொண்டு வந்தால் அதற்கும் ஒரு பதிவு. டைரக்டர் மீசை இல்லாத ஆள் கேட்டால் தேடச் சுலபம் என்பது அவர் எண்ணம். இப்படியே போய், ஊர் ஜனத்தொகையைவிட அவரிடம் துணை நடிகர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஆகவே புதிய பதிப்பில் அப்டேட்டின் கம்பெனியில் ஒரு வசதி செய்திருந்தார்கள். ஒரே போன் நம்பர், ஒரே கதவு எண், ஒரே பிறந்த தேதி உள்ள பதிவுகளை ஜோடி ஜோடியாகக் காட்டி, இது ஒரே ஆளா என்று அது கேட்கும். ஆம் என்று அழுத்தினால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

முந்தின நாள் சாயங்காலம் ஏஜென்ட் ஆபீஸில் உட்கார்ந்து அப்டேட் ஆம், ஆம் என்று அழுத்திக்கொண்டே வந்தார். மீசைக்காரர்கள் மளமளவென்று ஒன்றானார்கள். அப்போதுதான் அக்கா தங்கை ஜோடி வந்தது. அந்த வீட்டில் இருந்தது ஒரு போன். அப்பா இருவரையும் ஒரே நாளில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது, யோசிக்கச் சோம்பல்பட்டு இருவருக்கும் ஒரே பிறந்த தேதியைச் சொல்லியிருந்தார். பெயர் வேறுதான், ஆனால் சினிமாவில் பெயரை மாற்றிக்கொள்ளாதவர் யார்? போட்டோவில் ஒருத்தி கண்ணாடி போட்டிருந்தாள், இன்னொருத்தி போடவில்லை. மூக்கும் வேறு மாதிரி இருந்தது. அப்டேட்டின் விரல் நின்றது. இரண்டு பேரும் ஒரே நாளில் ஒரே படத்தில் வேலை பார்த்திருக்கிறார்களா என்று பார்த்தால் தெரிந்துவிடும்; அந்தப் பக்கம் திறக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதற்குள் மனைவி போனில், "உங்க அண்ணன் குடும்பத்தோட வந்து உக்காந்திருக்காரு, எங்க இருக்கீங்க?" என்றாள். அவர் ஆம் என்று அழுத்திவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

அந்த வாரமே ஏஜென்ட் போன் செய்தார். "சார், உங்க சாப்ட்வேர் பிரமாதம்! அழுகைச் சீனுக்கு ரெண்டு பொம்பளைக் குரல் கேட்டாங்க. ஒருத்திதான் போனா, மைக்குல ரெண்டு குரல் விழுந்திருக்கு!" அப்டேட் போனைக்கூடச் சரியாக வைக்கவில்லை. டப்பிங் தியேட்டருக்கு ஓடினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் ஒருத்தி நின்று ஒரு குரலில் அழுது, இன்னொரு குரலில் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள். இடைவேளையில் அதே வாய், நீ இழுத்து மூச்சு விடுவதால்தான் எனக்குத் தொண்டை வறள்கிறது என்று தன்னையே திட்டியது. அவர் தான் பார்த்த இரண்டு மூக்குகளும் அந்த முகத்தில் மாறி மாறி வந்துபோவதைப் பார்த்தார்.

பேக்கப் இருந்தது. பழைய நகல் ஒரு மாதம் இருக்கும், அப்புறம் தானாகவே அதன்மேல் புதியது எழுதப்பட்டுவிடும். அதைத் திரும்பப் போட்டால் எல்லாம் பழையபடி ஆகியிருக்கும். ஆனால் போடுவதற்கு ஏஜென்ட் சம்மதிக்க வேண்டும், மேலாளர் சம்மதிக்க வேண்டும், ஏன் என்று இருவரும் கேட்பார்கள். பார்க்காமல் அழுத்திவிட்டேன் என்று சொல்ல வேண்டும். அதுவும் பொய், பார்த்துவிட்டுத்தான் அழுத்தினார். நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தார். வெள்ளிக்கிழமை வேண்டாம், திங்கட்கிழமை மேலாளர் நல்ல மனநிலையில் இருப்பார் என்று நினைத்தார். திங்கட்கிழமை மேலாளர் நல்ல மனநிலையில்தான் இருந்தார். துணை நடிகர் பட்டியலைச் சுத்தமாக்கியதற்காக எல்லார் முன்னாலும் அவரைப் பாராட்டிக் கைதட்டச் சொன்னார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. இப்படித் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு பேக்கப்பைத் திறந்தபோது பழைய நகல் போயிருந்தது. ஒரு கணம் அவருக்கு நிம்மதியாக இருந்தது. அந்த ஒரு கணத்துக்காகத்தான் அவர் பின்னால் ஆயுசு பூராவும் வெட்கப்பட்டார்.

மிச்சம் இருந்தது தங்கையின் பழைய பதிவு எண் மட்டும். அதற்குள் ஒன்றுமில்லை, அக்காவின் எண்ணைக் காட்டிக்கொண்டு சும்மா நின்றது. அடுத்த பதிப்பு வரும்போது இப்படிச் சும்மா நிற்கும் எண்களையெல்லாம் அழித்துவிடும் என்று கம்பெனியில் அறிவித்தார்கள். அன்றுதான் அவர் அந்த வீட்டுக்குப் போனார். லைட்மேன் கூடத்தில் மடக்குக் கட்டில் போட்டிருந்தான். "உள்ள கொழுந்தியாளும் இருக்காளே சார், நான் எப்படிப் போய்ப் படுக்கறது?" என்று, கேட்காமலே விளக்கம் சொன்னான். அப்டேட் உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

"எங்க போட்டோவ பாத்தீங்களா?" என்று அக்கா கேட்டாள்.

"பாத்தேன்மா."

"பாத்துட்டுமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். லைட்மேன் எழுந்து கட்டிலை மடக்க ஆரம்பித்தான். தங்கை கேட்டாள்: "அந்த நம்பர அழிச்சா நான் என்ன ஆவேன் சார்?"

"தெரியலம்மா. சத்தியமா எனக்குத் தெரியல."

கொஞ்ச நேரம் அந்த முகத்தில் யாருமே இல்லை. பிறகு அக்கா வந்தாள். "அழிக்க விடாதீங்க. என்ன பண்ணுவீங்களோ தெரியாது. அவ என் தங்கச்சி," என்றாள். வெகுநாள் கழித்து அவளைத் தங்கச்சி என்று அக்கா சொன்னது அப்போதுதான். சொன்ன வாயே அழுதது, யாருடைய அழுகை என்று லைட்மேனுக்கே தெரியவில்லை.

அதற்கப்புறம் அப்டேட் எந்த வேலைக்கும் மாறவில்லை. பதவி உயர்வு வந்தபோது முதுகுவலி என்றார், வெளியூர் மாற்றல் வந்தபோது மனைவிக்கு முதுகுவலி என்றார். மற்ற எல்லாரும் புதிய பதிப்புக்கும் அதற்கடுத்த பதிப்புக்கும் போய்விட்டார்கள். ஏஜென்ட்டின் டேட்டாபேஸ் மட்டும், அந்த எண் அழியாதபடி, பழைய கம்ப்யூட்டர் இயந்திரத்தில் பழையபடி ஓடியது. புது பட்டன்களுக்குப் பயந்த ஏஜென்ட் அதற்கு அவரைக் கும்பிட்டார். உதிரி பாகங்களுக்காக அப்டேட் பழைய சாமான் கடைகளில் அலைந்தார். கம்பெனி மூடப்பட்டபோது அந்த இயந்திரத்தைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, படுக்கையறையில் மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தார். என்ன இழவு இது என்று மனைவி கேட்டபோது உண்மையைச் சொன்னார். உங்க அண்ணன் வந்த அன்னைக்கா என்று மட்டும் அவள் கேட்டாள். மறுநாளிலிருந்து அதற்குத் தூசி தட்டுவது அவளாயிற்று. அங்கே லைட்மேன் வீட்டில், தங்கை தூங்கிய பிறகு தனியாக விழித்திருக்க அக்கா பழகிக்கொண்டாள். கூடத்து மடக்குக் கட்டிலை விற்றுவிட்டார்கள். சினிமாவில் அவளுக்கு வேலை குறையவே இல்லை. ஒற்றை ஆளாய் நின்று கூட்டம் போலக் கூச்சல் போட அவளைவிட்டால் ஆளில்லை என்று பேர் வாங்கினாள்.

கம்பெனி இருந்தபோதே வந்து அதில் காத்துக்கிடந்தது ஒரு பதிப்பு; அந்த இயந்திரத்தைப் போடும்போதெல்லாம், புதிய பதிப்பு தயார், இப்போதே புதுப்பிக்கவா என்று ஒரு கேள்வி வரும். கீழே 'சரி', 'பிறகு' என்று இரண்டு பட்டன்கள். அப்டேட் தினமும் 'பிறகு' என்பதை அழுத்துவார். அறுவை சிகிச்சை முடிந்து அவர் நடமாடக் கஷ்டப்பட்டுக் கிடந்த ஒரு மத்தியானம், அக்காவும் தங்கையுமான அவள் பார்க்க வந்தாள். தலை நரைத்திருந்தது. மனைவி கடைக்குப் போயிருந்ததால் இயந்திரத்தை அவளையே போடச் சொன்னார். கேள்வி வந்தது. அவள் அதையே வெறித்துப் பார்த்தாள்.

"சார், இந்தச் சரிய அமுக்கிட்டா எங்க அக்காவாவது தனியா நிம்மதியா இருப்பா இல்ல?" என்றாள் தங்கை. வலது கை மெதுவாக நீண்டது. வேண்டாம் என்று சொல்லக்கூடத் தனக்கு அருகதை இல்லை என்று அவர் நினைத்தார். அதற்குள் முகம் மாறியது. "வாய மூடுடி. நீ போயிட்டா நான் யாரோட சண்ட போடுறது?" என்றாள் அக்கா. இடது கை வலது கையைப் பிடித்து இழுத்து மடியில் வைத்துவிட்டு, 'பிறகு' என்பதை அழுத்தியது.

அப்டேட் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து சமையலறைக்குப் போய், இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். அக்கா ஒன்றைக் குடித்தாள், தங்கை ஒன்றைக் குடித்தாள்.