பக்கத்து சீட்டில் ஒரு பிரேக்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்கு உலகத்தில் பிடிக்காத விஷயம் ஒன்றே ஒன்றுதான்: ஒருவர் ஒரு வேலையைச் செய்ய, இன்னொருவர் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது. இந்தக் கொள்கையை அவர் காலையிலிருந்து சாயங்காலம் வரை பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அடுத்தவர் வண்டி ஓட்டுவதைப் பார்த்தபடியே கடைப்பிடித்து வந்தார்.

அந்த வண்டியில் பிரேக் இரண்டு. ஒன்று கற்றுக்கொள்பவருக்கு, இன்னொன்று மாஸ்டருக்கு. ஸ்டியரிங் மட்டும் ஒன்றுதான். அது அவரிடம் இல்லை. தன் பங்கு பிரேக்கை மிதித்து மிதித்து அவருடைய வலது காலுக்குத் தனியாக ஒரு புத்தி வந்திருந்தது. டிவியில் யாராவது வேகமாக ஓடினால் அது தரையை அழுத்தும். மனைவி மாடிப்படியில் அவசரமாக இறங்கினாலும் அழுத்தும். அந்தக் கால் சம்பாதித்துத்தான் வீடு நடந்தது என்பதால் யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை.

அவருடைய மகளுக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை ஒரு மூலைக்கும், ஷூவை ஆளுக்கொரு மூலைக்கும் வீசிவிட்டு, சோபாவில் தலைகீழாகப் படுத்துக்கொண்டு டேப்லெட்டில் ஒருவனைப் பார்ப்பாள். அவன் வீடியோ கேம் ஆடுவான். இவள் பார்ப்பாள். அவ்வளவுதான். இதில் வேறு ஏதாவது இருந்தாக வேண்டும் என்று மாஸ்டர் சோபாவுக்குப் பின்னால் பலமுறை ஒளிந்து நின்று ஆராய்ந்துவிட்டார். ஒன்றும் இல்லை. திரையின் ஓரத்தில் அவன் முகம் தபால்தலை அளவுக்குத் தெரியும். அந்த அளவு முகத்தில் எப்படித்தான் அவ்வளவு வாய் இருந்ததோ, ஓயவே ஓயாது. மாஸ்டர் அவனுக்கு 'லொடலொட' என்று பெயர் வைத்தார். மட்டம் தட்டுவதற்காக வைத்த பெயர், மகளுக்குப் பிடித்துப்போய் செல்லப்பெயராகிவிட்டது.

லொடலொட தோற்றால் மகள் சிரிப்பாள். அந்தச் சிரிப்புதான் மாஸ்டரைக் குடைந்தது. மூக்கில் தொடங்கி, நடுவில் மூச்சு நின்று, விக்கலில் போய் முடியும் சிரிப்பு. ஒரு காலத்தில் அது மாஸ்டரின் ஏகபோகச் சொத்து. அவர் தும்மினாலே வந்துவிடும். இப்போது அவர் வரிந்து கட்டிக்கொண்டு ஒரு முழு ஜோக்கே சொன்னாலும் 'ம்' என்று ஒரு ரசீது மட்டும்தான் கிடைத்தது. எங்கேயோ ஊர் பேர் தெரியாத ஒருவன் பள்ளத்தில் விழுகிறான், அவனுக்குச் சிரிப்பு; பெற்ற அப்பனுக்கு 'ம்'.

"ஏன் குட்டி, ஒருத்தன் சாப்பிடறதைப் பார்த்தா உனக்கு வயிறு நிறையுமா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டார்.

"அம்மா போன்ல யாரோ கார்ப்பெட் கழுவறதைப் பாக்கறாங்க. நம்ம கார்ப்பெட் சுத்தமாச்சா?"

பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கும் மனைவி, உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "என்னை எதுக்கு இழுக்கறீங்க? நாள் பூரா கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு அழற முகமா பாத்துட்டு வர்றேன். ஒரு அழுக்கு கார்ப்பெட் வெள்ளையாகறதைப் பார்த்தா மனசு ஆறுது."

"நம்ம கார்ப்பெட்டைக் கழுவினாலும் ஆறும்."

"முதுகு வலிக்கும்."

மாஸ்டர் மறுபடி மகளிடம் திரும்பினார். "சரி, நீயே விளையாடலாமே?"

"விளையாடினா நான் தோத்துடுவேன்ப்பா."

"பார்த்தா?"

"லொடலொட தோப்பாரு."

இந்த வாதத்தில் எந்தப் பக்கமாக வண்டியை நுழைப்பது என்று மாஸ்டருக்குத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் இடித்தது.

மறுநாள் இந்தக் குடும்பப் பிரச்சினையை அவர் மருந்துக்கடைக்காரரிடம் அவிழ்த்தார். மருந்துக்கடைக்காரர் அவருடைய மிகப் பழைய மாணவர். லைசென்ஸ் பரீட்சையில் தோற்பதையே உபதொழிலாக வைத்திருந்தவர். எந்த மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று ஊருக்கே சொல்பவருக்கு, எந்த கியரை எப்போது போட வேண்டும் என்று மட்டும் பிடிபடவில்லை.

"மாஸ்டர், கையில கொடுத்துட்டா பாக்கறதை விட்டுடுவாங்க. எங்க அக்கா பையனோட கேம் பெட்டி வீட்டுல சும்மாதான் கிடக்கு. ஒரு வாரம் வச்சுக்கோங்க."

"அது ஏன் சும்மா கிடக்கு?"

"அவனும் இப்ப பாக்கத்தான் செய்யறான்."

இந்தத் தகவலை மாஸ்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெட்டி டிவியில் பொருத்தப்பட்டது. ஒரு பேங்க்கைக் கொள்ளையடித்துவிட்டு, போலீஸிடம் சிக்காமல் காரில் தப்பிக்க வேண்டும், அதுதான் விளையாட்டு. மாஸ்டர் ரிமோட்டை மகளின் கையில் வைத்தார். மகள் அதைத் திருப்பி அவர் கையிலேயே வைத்து, ஒரு தலையணையைக் கட்டிக்கொண்டு வசதியாகச் சாய்ந்தாள்.

"நீங்க ஆடுங்கப்பா. நான் பாக்கறேன்."

கிளம்பிய இடத்துக்கே வண்டி வந்து நின்றது. வேறு வழியில்லாமல் மாஸ்டர் ஆடினார். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் போகிற வேகத்தில் கொள்ளைக்காரர்களின் காரை ஓட்டினார். நடைபாதையில் போன ஒரு கிழவர் அவரை முந்திக்கொண்டு போனார். "எங்கப்பா போறீங்க?" என்று மகள் கேட்டாள். பதில் இல்லை. "அந்தப் பக்கம் என்ன இருக்கு?" பதில் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவள் கொட்டாவி விட்டபடி எழுந்தாள்.

"போர் அடிக்குதுப்பா. நீங்க பேசவே மாட்டேங்கறீங்க."

"கேம் ஆடறப்ப எதுக்குப் பேசணும்?"

"நீங்க எப்பவுமே பேசறதில்லையே."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. வெளியே மழை பெய்கிறது என்பது மாதிரி, ஒரு செய்தியாகச் சொல்லிவிட்டு டேப்லெட்டைத் தேடிப் போனாள். உள்ளே கார்ப்பெட் கழுவும் சத்தம் சட்டென்று நின்றது. மனைவி எட்டிப் பார்த்தாள். தலையை இழுத்துக்கொண்டாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் மாஸ்டருக்குச் சண்டையாவது மிஞ்சியிருக்கும்.

யோசித்துப் பார்த்தால் மகள் சொன்னதும் பொய்யில்லை. நாள் முழுக்க வண்டியில் கத்திவிட்டு வீட்டுக்கு வரும்போது மாஸ்டரின் தொண்டையில் மூன்று வார்த்தைகள்தான் மீதமிருக்கும்: 'கதவைச் சாத்து', 'ரிமோட் எங்க', 'ம்'. மகள் கொடுக்கிற அந்த 'ம்' எந்தக் கடையில் வாங்கியது என்று அவருக்கு லேசாகப் புரிந்தது. புரிந்த விஷயம் பிடிக்கவில்லை என்பதால், எதிரியை ஆராய்வது என்று முடிவெடுத்தார்.

திங்கட்கிழமை, இரண்டு வகுப்புகளுக்கு நடுவே வண்டியை ஒரு மர நிழலில் நிறுத்தி, போனில் லொடலொடவைப் பார்த்தார். ஆராய்ச்சி கொஞ்சம் நீண்டுவிட்டது. அடுத்த வகுப்புக்கு வந்த மருந்துக்கடைக்காரர் ஜன்னலைத் தட்டினார். உள்ளே ஏறினார். போனை எட்டிப் பார்த்தார். அதோடு அன்றைய வகுப்பு முடிந்தது.

"அச்சச்சோ மாஸ்டர், விழுந்துட்டாரு!"

"விழட்டும். சத்தம் போடாம இருங்க, அடுத்து என்ன சொல்றான்னு கேப்போம்."

போனுக்குள்ளிருந்து லொடலொட மூச்சு வாங்கியபடி சொன்னான்: "போச்சா? போகட்டும். வாங்க, முதல்ல இருந்து வருவோம்."

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவருடைய வசனம். வண்டி நடுரோட்டில் அணைந்துபோய், மாணவரின் நெற்றி வியர்த்து, பின்னால் ஊரே ஹாரன் அடிக்கும்போது அவர் சொல்வது. திட்டி முடித்த பிறகு சொல்வது. அதை அவர் யாரிடமும் எழுதி வாங்கிப் பதிவு செய்து வைக்கவில்லை, அது தப்பாகிவிட்டது.

"இவன் உங்களை மாதிரியே பேசறான் மாஸ்டர்," என்றார் மருந்துக்கடைக்காரர். "'இப்ப இடது பக்கம் போறோம், மெதுவா, மெதுவா, பயப்படாதீங்க'... அப்படியே நீங்கதான்."

"நிஜமாவா?" மாஸ்டரின் குரலில் ஒரு குளிர்ச்சி ஏறியது.

"ஆமா. ஆனா இவன் திட்டறதில்ல."

அன்று சாயங்காலம் மாஸ்டர் தயாராக வந்தார். கேம் பெட்டியைப் போட்டார். தொண்டையைக் கனைத்தார். பிறகு, பிள்ளை பெற்ற எந்த மனிதனும் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தார்.

"ஹாய் ஹலோ மக்களே! எல்லாரும் எப்படி இருக்கீங்க? அப்பா சேனலுக்கு வெல்கம்! இன்னிக்கு நாம தெறிக்க விடப்போறோம்!"

மகள் தலையணைக்குள் முகத்தைப் புதைத்தாள். "அப்பா, ப்ளீஸ். யாராவது கேட்டுடப் போறாங்க."

"எனக்குக் கேட்டுடுச்சு," என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

சேனல் தொடங்கிய இடத்திலேயே மூடப்பட்டது. மாஸ்டர் தொங்கிப்போன முகத்தோடு, எடுத்த காரியத்தை முடிக்க வேண்டுமே என்று ஆடிக்கொண்டிருந்தார். பேங்க்கைக் கொள்ளையடித்தார். பணமூட்டைகளைப் பின்சீட்டில் போட்டார். காரைக் கிளப்பி முதல் சந்திப்புக்கு வந்தார். சிக்னல் சிவப்பாக இருந்தது. நின்றார்.

தலையணைக்குள்ளிருந்து ஒரு கண் வெளியே வந்தது. "ஏம்ப்பா நின்னுட்டீங்க?"

"சிவப்பு."

"பேங்க்கைக் கொள்ளையடிச்சுட்டு வர்றீங்கப்பா."

"கொள்ளையடிச்சா? சிவப்பு பச்சையாயிடுமா?"

எங்கேயோ ஒரு மூக்கில் ஏதோ தொடங்கியது. மாஸ்டர் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. பின்னால் போலீஸ், முன்னால் பாலம், பாலத்தின் நடுவில் ஒரு சைக்கிள்காரர். கார் அவர் பேச்சைக் கேட்காமல் சீறியது. வலது கால் தானாகத் தரையை மிதித்தது. தரை நிற்கவில்லை, அதாவது கார் நிற்கவில்லை. அப்போது, அத்தனை வருடத் தொழிலும் அவர் வாய்வழியாகக் கிளம்பியது.

"பிரேக்! பிரேக்குன்னா பிரேக்! கண்ணை எங்க வச்சிருக்க, பாக்கெட்லயா? சைக்கிள் வருது, சைக்கிள்! ஹாரன் அடிச்சா பாலம் அகலமாயிடுமா? யோவ், உன்னை நம்பி யாருய்யா வண்டியைக் கொடுத்தது? ஓரமா போ! அது ஓரம் இல்ல, அது ஆறு!"

கார் ஆற்றில் விழுந்தது. அதற்குப் பிறகும் அவருடைய கால் தரையை நாலு மிதி மிதித்தது. கீழ்வீட்டுக்காரர் துடைப்பக்கட்டையால் கூரையில் தட்டினார்.

"போச்சா?" என்று மாஸ்டர் மூச்சு வாங்கினார். "போகட்டும். முதல்ல இருந்து வருவோம்."

மகள் சோபாவில் இல்லை. கீழே, கார்ப்பெட்டில் உருண்டுகொண்டிருந்தாள். மூக்கில் தொடங்கியது நடுவழியில் மூச்சை நிறுத்தி, விக்கலுக்கு வந்து சேர்ந்திருந்தது. மாஸ்டர் ரிமோட்டைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். அசைந்தால் அது பறந்துவிடுமோ என்று பயம்.

"யாரைப்பா... திட்டறீங்க?" விக்கலுக்கு நடுவே கேட்டாள்.

"வண்டி ஓட்டறவனை."

"ஓட்டறது நீங்கதானே?"

"அதனாலதான் இவ்வளவு கோவம்."

மறுபடி உருண்டாள். கார்ப்பெட் அந்த வருடத்தில் முதல்முறையாகத் துடைக்கப்பட்டது.

அந்த வாரம் முழுக்க, சாயங்காலமானால் மாஸ்டர் கொள்ளையடித்தார். எல்லா சிக்னலிலும் நின்றார், வழிவிட்டவர்களுக்கெல்லாம் கை காட்டினார், தவறாமல் ஆற்றில் விழுந்தார். மனைவி தன் கார்ப்பெட்டுகளை அம்போ என்று விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, "அங்க போகாதீங்க, அங்க போகாதீங்க" என்று அங்கேயே போக வைத்தாள். பகலில் மாணவர்களைத் திட்டும்போது, இதை வீட்டுக்கு எடுத்து வைக்கலாமே என்று மாஸ்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார். கிளட்ச்சைக் கண்டபடி விட்டவர்கள்கூட அந்த வாரம் ஒரு வசவும் வாங்காமல் வீடு போய்ச் சேர்ந்தார்கள். மாஸ்டருக்கு உடம்பு சரியில்லை என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை மருந்துக்கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார். அக்கா பையன் பெட்டியைக் கேட்கிறானாம். அவன் அதைத் தொடப்போவதில்லை. ஆனாலும் அவனுடையது அவனிடம்தான் சும்மா கிடக்க வேண்டுமாம்.

வயர்களைக் கழற்றும்போது மாஸ்டர் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. டேப்லெட் மேஜைமேல் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது. லொடலொட உள்ளே காத்திருந்தான். அவனுக்கு எந்த அக்கா பையனின் தயவும் தேவையில்லை. சிரிப்பு வந்த வழியே திரும்பிப் போகப்போகிறது என்று மாஸ்டருக்குத் தோன்றியது.

"அப்போ நாளைக்கு உங்க வண்டியில வந்து பாக்கட்டுமா?" என்றாள் மகள்.

"வண்டியில கேம் கிடையாது குட்டி."

"மருந்துக்கடை அங்கிள் இருக்காருல்ல?"

சனிக்கிழமை காலை அவள் பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாள். மருந்துக்கடைக்காரர் ஸ்டியரிங்கை, அது பறிபோகிற பொருள் மாதிரி, இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அவருக்குக் காரணம் தெரிந்தாக வேண்டியிருந்தது.

"மாஸ்டர், தப்பா நினைக்காதீங்க. ஒருத்தன் வண்டி ஓட்டறதைப் பார்க்கறதுல பாப்பாவுக்கு என்ன சந்தோஷம்?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். தன் பக்கத்து பிரேக்கைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். "ரோட்டைப் பாருங்க," என்றார்.

முதல் சந்திப்பில் சிக்னல் பச்சையானது. மருந்துக்கடைக்காரர் கிளட்ச்சை விட்ட வேகத்தில் வண்டி ஒரு குலுக்கு குலுக்கி, அணைந்து, அப்படியே நின்றது. பின்னால் ஒரு ஹாரன் கிளம்பியது. அதன் சொந்தபந்தமெல்லாம் சேர்ந்துகொண்டன. மருந்துக்கடைக்காரரின் காது சிவந்தது. மாஸ்டர், வழக்கமானதை வழக்கமான சத்தத்தில் சொல்ல மூச்சை இழுத்தார்.

"போச்சா?" என்றது பின்சீட். "போகட்டும் அங்கிள். முதல்ல இருந்து வருவோம்."

மருந்துக்கடைக்காரர் சாவியைத் திருப்பினார். யாரும் திட்டாததால் குழம்பிப்போன அவருடைய கால், கிளட்ச்சை ஒழுங்காக விட்டுத் தொலைத்தது. வண்டி முன்னால் நகர்ந்தது.

வண்டிக்குப் பின்னால் வருவதைக் கவனிப்பதற்காக மாஸ்டருக்கென்று தனியாக ஒரு சின்னக் கண்ணாடி அந்த வண்டியில் உண்டு. அதில் மகள் தெரிந்தாள். குறுக்கே ஒரு லாரி வந்தது. முன்சீட்டில் அவருடைய வலது கால் அழுந்தியது. பின்சீட்டில், பிரேக் என்று எதுவுமே இல்லாத இடத்தில், அவளுடைய வலது ஷூவும் அழுந்தியது.

அந்த வசனத்தை அவள் லொடலொடவிடமிருந்து எடுத்தாளா, தன்னிடமிருந்தா என்று மாஸ்டர் கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.