துரையின் தகரக் குழல்

ஜெர்மன் துரை குழலைத் தூக்கி வாயில் வைத்ததுதான் தாமதம், கல்குவாரியில் ஓர் ஈ காக்கை இல்லை.

சம்மட்டியைப் போட்டவன் போட்டபடி, ஜல்லிக்கூடையைக் கவிழ்த்தவள் கவிழ்த்தபடி ஓடிப்போய்ப் பெரிய மொட்டைப் பாறைக்குப் பின்னால் குந்திக்கொண்டார்கள். எல்லோருக்கும் முன்னால் ஓடியவள் சவரியம்மாள். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வேட்டுச் சத்தத்துக்குக் காத்திருந்தாள். சத்தம் வரவில்லை. எட்டிப் பார்த்தால், வெட்டவெளியில் முக்காலியில் நிற்கிற கேமரா ஒன்று. அதன் பக்கத்தில் தொப்பி போட்ட கிழட்டு வெள்ளைக்காரர். கையில் குழல், திறந்த வாய் மூடவில்லை.

அது ஐம்பத்தாறாம் வருஷம். சேரப்பணஞ்சேரிப் பக்கத்துக் குவாரியில், வாயில் வைத்துக் கத்துகிற தகரக் குழலுக்கு ஒரே அர்த்தம்தான். மேஸ்திரி கண்ணப்பன் அதை வாயில் வைத்தால் திரியில் நெருப்பு வைத்தாயிற்று என்று பொருள். அவர் என்ன கத்துகிறார் என்று யாரும் நின்று கேட்பதில்லை. ஒருதடவை நின்று கேட்ட பரசுராமனுக்கு இப்போது ஒரு கண் இல்லை.

துரையோடு வந்த கோதண்டராமன் வேர்க்க விறுவிறுக்க பாறைப் பக்கம் வந்தான். மெட்ராஸ் படக் கம்பெனியில் உதவியாள். துரையின் இங்கிலீஷைத் தமிழாக்குவதும், தமிழை இங்கிலீஷாக்குவதும் அவன் வேலை.

"இன்னா சார், உங்க தொரைக்கு வேட்டு வெக்கிற லைசென்சு கீதா?" என்றாள் சவரியம்மாள்.

"வேட்டும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. எப்படி நடிக்கணும்னு சொல்லத்தான் குழலை எடுக்கறார்."

"பக்கத்துலதான நிக்கிறாரு? வாயால சொன்னா ஆவாதா?"

"குழல் இல்லாம அவருக்குப் பேச்சே வராது. நாப்பது வருஷப் பழக்கம்."

மறுபடி வந்து உட்கார்ந்தார்கள். மறுபடி குழல் எழும்பியது. மறுபடி ஓடினார்கள். வேண்டுமென்று ஓடவில்லை, கால் தானாக ஓடியது. மூன்றாம் தடவை கோதண்டராமன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். துரை தொப்பியைக் கழற்றி, வழுக்கையைத் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டார்.

மத்தியானம் கூழ் குடிக்கிற நேரத்தில் சவரியம்மாள் விசாரணையை ஆரம்பித்தாள்.

"ஊர்ல இருக்கிற கல்லயெல்லாம் வுட்டுட்டு இங்க இன்னா சார் படம்?"

"ரோடு எப்படிப் போடறாங்கன்னு சின்னப் படம்மா. ஜல்லியிலேர்ந்து ஆரம்பிக்கணும். ஒரு பொம்பள கல்லு உடைக்கணும், நிறுத்திட்டு நிமிர்ந்து பாக்கணும். அவ்வளவுதான்." குரலைத் தாழ்த்தினான். "இருக்கிறது கொஞ்சம் ஃபிலிம். இது சரியா வரலன்னா கம்பெனியில இவருக்குச் சீட்டு கிழிஞ்சுது. இந்த வயசுல வேற எவனும் கூப்பிட மாட்டான்."

சவரியம்மாள் கிழவரைப் பார்த்தாள். அவர் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து வாழைப்பழத்தைக் கத்தியால் நறுக்கித் தின்றுகொண்டிருந்தார்.

"வாழப்பழத்துக்குக் கத்தியா! நீங்க அவுங்க ஊர்ல பெரிய ஆளான்னு கேளு சார்."

கோதண்டராமன் கேட்டான். துரைக்கு முகம் மலர்ந்தது. கையை ஆட்டி ஆட்டிச் சொல்ல ஆரம்பித்தார். பேர் ஹெல்முட் கிரோனாவ். பெர்லினில் ஊமைப்பட காலத்தில் இவர் குழலைத் தூக்கினால் ஒரு தெரு ஜனம் ஓடும். அந்தத் தெருவே படத்துக்காக இவர் சுண்ணாம்பிலும் மரத்திலும் கட்டியது.

"இங்கயுந்தான் ஓடனோம். அப்பறம் இன்னா கொறை அவருக்கு?" என்றாள் சவரியம்மாள். பெண்கள் கூழ் புரையேறச் சிரித்தார்கள். கோதண்டராமன் அதையும் மொழிபெயர்த்துவிட்டான். துரையும் சிரித்தார்.

ஊமைப் படத்தில் டைரக்டர் கேமரா பக்கத்தில் நின்று, படம் ஓட ஓட, 'அழு, திரும்பு, கதவைப் பார்' என்று கத்திக்கொண்டே இருக்கலாம். பிறகு பேசும் படம் வந்தது. எல்லோரும் பேசுகிறபோது டைரக்டர் ஒருவர் மட்டும் வாயை மூடவேண்டும். இவரால் முடியவில்லை. கதாநாயகி காதலைச் சொல்கிற இடத்தில் 'மூக்கைத் தூக்கு!' என்று இவர் குரலும் சேர்ந்து பதிவானது. முதலாளிகள் ஒவ்வொருவராகக் கதவைச் சாத்தினார்கள்.

"வாய மூடலன்னா வேலய வுட்டுத் தூக்கனாங்க? எங்க மேஸ்திரிக்கு அதுக்குன்னே வேல குடுத்துக் கீறாங்க," என்றாள் சவரியம்மாள்.

அதன்பிறகு துரை பம்பாய்க்கு வந்திருக்கிறார். உலகச் சண்டை வந்ததும் ஜெர்மன்காரன் என்று இங்கிலீஷ்காரர்கள் முள்வேலிக்குள் போட்டார்கள். வெளியே வந்தபின் சோப்புக்கும் தலைவலித் தைலத்துக்கும் விளம்பரப் படம்.

"பொண்டாட்டி?" என்றாள் சின்னப்பொண்ணு. வேட்டுச் சத்தத்தில் அவளுக்குக் காது பாதி போயிருந்தது, அதனால் எதையும் உரக்கத்தான் கேட்பாள்.

"நடிகை. பேசும் படத்துல அவங்களுக்கு நிறைய வேலை கிடைச்சுது. இவர்கூட இருக்கலை."

"கெட்டிக்காரி," என்றாள் சவரியம்மாள். சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கோதண்டராமன் நல்லவேளையாக அதை மொழிபெயர்க்கவில்லை.

அன்று சாயங்காலமே அவள் வேலையைக் கையில் எடுத்தாள். மேஸ்திரி வீட்டுக்குப் போனபின், துரையின் குழலை வாங்கிப் பரசுராமனைக் கத்தச் சொல்லிப் பெண்களை உட்கார வைத்துப் பழக்கினாள். "தொரை கொழல்ல கத்தனா எவளும் எழுந்திருக்கக் கூடாது. எழுந்தவ காலை ஒடிப்பேன். பாவம், கெழவன் பொழப்பு போவுது." முதலில் பாதிப் பேர் எழுந்து ஓடினார்கள். மறுநாளும் பழகினார்கள். அதற்கடுத்த நாள் காதருகே குழலில் கத்தினாலும் கல்லைவிட்டுக் கண் எடுக்காமல் சுத்தியைப் போட்டார்கள். சவரியம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை.

மேலே கரையில் அந்த மூன்று நாளாக வேட்டுக்குக் குழி அடித்துக்கொண்டிருந்த மேஸ்திரி கண்ணப்பனிடம் இதை யாரும் சொல்லவில்லை. குழலில் கத்தினால் கீழே ஓடுவார்கள் என்பதில் அவருக்கு என்ன சந்தேகம்?

கடைசி ஃபிலிம் சுருளைக் கேமராவில் போட்டார் துரை. சாவி கொடுத்தால் தானே ஓடுகிற கேமரா. சவரியம்மாள் கல்லை உடைத்தாள். துரை குழலில் ஜெர்மன் பாஷையில் என்னவோ கெஞ்சினார், கொஞ்சினார், அதட்டினார். அவளுக்கு ஓர் எழுத்து புரியவில்லை. "சொல்லு தொரை, சொல்லு. எம் புருசன்கூட இவ்ளோ பேசனதில்ல," என்று உடைத்துக்கொண்டே பதில் சொன்னாள். சத்தம் இல்லாத படம்தானே, யாருக்கு நட்டம்?

கேமராவை நகர்த்துவதற்காகத் துரை குழலைத் தரையில் வைத்தார். இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணை ஒட்டிக்கொண்டார். அப்போது குழலில் ஒரு கத்தல் கேட்டது.

பெண்கள் அசையவில்லை. பழகியபடி சுத்தி விழுந்துகொண்டிருந்தது. சவரியம்மாள் மட்டும் கையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். துரை இத்தனை நாளாகக் கேட்டது அந்தப் பார்வையைத்தான். அவள் பார்த்ததோ தரையில் சும்மா கிடந்த குழலை.

துரைக்கும் அதே நொடியில் உறைத்தது. ஒருமுறை கேமராவைப் பார்த்தார். உள்ளே சுருள் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அதை அப்படியே விட்டுவிட்டு, பாறைப் பக்கம் போகாமல், பெண்களை நோக்கி ஓடினார். கோழி விரட்டுகிற மாதிரி இரண்டு கையையும் வீசிக்கொண்டு, தொப்பி ஒரு பக்கம் பறக்க, தொந்தி குலுங்க.

"மேஸ்திரி குழல்டி! ஓடுங்கடி!" சவரியம்மாள் அலறினாள். தான் பழக்கிய பாவத்தைத் தானே அவிழ்க்கவேண்டும் என்று ஒவ்வொருத்தியாகத் தலைமயிரைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். காது மந்தமான சின்னப்பொண்ணைத் துரை கூடையோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போனார். பாறைக்குப் பின்னால் எல்லோரும் விழுந்தபோது மலை வெடித்தது.

புழுதி அடங்கியதும் சவரியம்மாள் தலைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எல்லாத் தலையும் இருந்தது. கேமரா மட்டும் ஒரு கால் ஒடிந்து சாய்ந்து கிடந்தது. துரை அதன் பக்கத்தில் மண்டியிட்டு, காதை வைத்துக் கேட்டார். சுருள் ஓடி முடிந்திருந்தது.

"போச்சா சார்?" என்றாள்.

"கழுவிப் பாத்தாத்தான் தெரியும்," என்றான் கோதண்டராமன்.

தை பிறந்தபிறகு படப்பை ஊர் சினிமாக் கொட்டாயில் பெரிய படத்துக்கு முன்னால் அந்தச் சின்னப் படம் ஓடுவதாகச் சேதி வந்தது. குவாரிப் பெண்கள் முதல் ஆட்டத்துக்குப் போய் மணலில் இடம் பிடித்தார்கள். துரையும் கோதண்டராமனும் கம்பெனிக் காரில் வந்தார்கள். நாற்காலி போட்டும் துரை உட்காரவில்லை, மணலிலேயே உட்கார்ந்தார்.

"கம்பெனிக்குப் பிடிச்சுப் போச்சும்மா. ஓடற கட்டந்தான் பிரமாதமாம். அடுத்தது கோழிப்பண்ணைப் படம் இவருக்குத்தான்," என்றான் கோதண்டராமன்.

திரையில் சவரியம்மாள் கண் மூடித் திறப்பதற்குள் வந்து போனாள். அப்புறம் பெண்கள் ஓடினார்கள். நடுவில் துரை தொந்தி குலுங்க ஓடினார். அதற்குமேல் ஒரு மெட்ராஸ் குரல் கணீரென்று சொன்னது: "நாட்டின் நல்ல சாலைகளுக்காக, பணியிடம் நோக்கி உற்சாகத்துடன் விரையும் உழைப்பாளர்கள்!"



"எவன்டா அவன்?" என்றாள் சவரியம்மாள். "உசிரு போவுதுன்னு ஓடிகினு கீறோம், உற்சாகமாமே!"

துரை கோதண்டராமனின் கையைச் சுரண்டினார். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். கிழவரின் முகம் சுருங்கியது. படத்தை மட்டும்தான் அவரிடம் கேட்டார்கள், குரலைக் கம்பெனியே ஒட்டிக்கொண்டது.

"மறுக்கா போடு!" என்று சின்னப்பொண்ணு கத்தினாள். மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். ஆபரேட்டர் முடியாது என்றான். துரை எழுந்து அவனிடம் போனார். மார்பைத் தட்டினார், திரையைக் காட்டினார், கையெடுத்துக் கும்பிட்டார். வெள்ளைக்காரன் கும்பிடுவதைப் பார்த்தறியாத ஆபரேட்டர் மறுபடி போட்டான்.

இந்தத் தடவை சவரியம்மாள் எழுந்தே நின்றுவிட்டாள். "தோ, அது நானு! தே, இது கோவிந்தம்மா, சீல அவுந்து போச்சு பாரு! ஐயோ, தொரை வராருடி!" ஆளுக்கு ஆள் கத்தினார்கள், விசில் அடித்தார்கள், பரசுராமன் ஒற்றைக் கண்ணால் பார்த்துக் கைதட்டினான். குரல்காரன் என்ன பேசினான் என்று கொட்டாயில் ஒருவருக்கும் கேட்கவில்லை. துரை மணலில் காலை நீட்டி உட்கார்ந்து, மறுபடி ஊமையாகிவிட்ட தன் படத்தைப் பார்த்தார்.