புள்ளி ஒன்பது ஏழு

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், யாரும் கேட்காமலே, ஆராய்ச்சியார் தம் கணினியில் கிடந்த எண்களை ஒழுங்காக அடுக்கி வைத்தார். எல்லாம் கெட்டது அங்கேதான்.

ஆராய்ச்சியார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பார்சல் பிரிக்கும் கிடங்கில் அவர் ஷிப்ட் மேற்பார்வையாளர். நாற்பதைத் தாண்டிய பிறகு பகுதிநேர எம்.பி.ஏ.வில் சேர்ந்து, ஆய்வேட்டுக்காக என்று சொல்லிச் சாப்பாட்டு மேசைகளில் கேள்வித்தாள் நீட்டத் தொடங்கியதும் கிடங்கு அவருக்குச் சூட்டிய பட்டம் அது. பல்கலைக்கழகம் தரவேண்டிய பட்டம்தான் வந்தபாடில்லை. இரண்டு முறை அவகாசம் வாங்கித் தின்றாகிவிட்டது. இது கடைசி. மாத முடிவுக்குள் ஆய்வேடு போய்ச் சேராவிட்டால் பதிவு ரத்து. மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் அம்போ.

ஆய்வின் கேள்வி எளியது. தொழிலாளிகளுக்கு அதிகப் பயிற்சி கொடுத்தால் வேலையை விட்டு ஓடாமல் இருப்பார்களா? கேள்வித்தாளை நிரப்பிய ஒவ்வொருவருக்கும் கணினியில் ஒரு வரி. அந்த வரியில் முதல் கட்டம் அவர் பெற்ற பயிற்சி மணிநேரம். அடுத்த கட்டம், இங்கேயே தொடர விருப்பமா என்பதற்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் அவர் போட்ட மதிப்பெண்.

எண்கள் மேலும் கீழுமாகச் சிதறிக் கிடந்தன. கலைந்து கிடப்பதைக் கண்டால் ஆராய்ச்சியாருக்குக் கை பரபரக்கும், தொழில் அப்படி. பயிற்சி மணிநேரங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினார். பக்கத்துக் கட்டங்களையும் சேர்த்து நகர்த்தட்டுமா என்று கணினி ஒரு பெட்டியைக் காட்டி மரியாதையாகக் கேட்டது. ஊர் வம்பு நமக்கெதற்கு என்று ‘வேண்டாம்’ என்பதை அழுத்தினார். பிறகு விருப்ப மதிப்பெண்களையும் அதேபோலத் தனியாக அடுக்கினார். பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. சேமித்தார்.

அடுத்து ஒட்டுறவுக் கெழு. இரண்டு விஷயங்களுக்குள் எவ்வளவு நெருக்கம் என்று சொல்லும் எண் அது. ஒன்றை நெருங்கினால் ஈருடல் ஓருயிர். பூஜ்யத்தை நெருங்கினால், தெருவில் எதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும் உறவு. ஆராய்ச்சியார் விசையைத் தட்டினார். புள்ளி ஒன்பது ஏழு.

“ஏம்மா! இங்க ஓடி வா!”

“என்ன, பல்லியா?” என்று அடுப்பங்கரையிலிருந்து குரல் வந்தது. மனைவி பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையைப் பார்ப்பவள். எதற்கும் பதறாமல் இருக்கச் சம்பளம் வாங்குபவள்.

“புள்ளி ஒன்பது ஏழு!”

“நல்லதா கெட்டதா?”

“உலகத்துல எவனுக்கும் வராதது!”

“அப்ப உங்களுக்கு எப்படிங்க வந்துச்சு?” என்றாள். அந்தக் கேள்வியை அவர் அப்போதே காதில் வாங்கியிருக்கலாம்.

அன்று பிடித்த வேகத்தில் மிச்சமிருந்த இரண்டு அத்தியாயங்களையும் எழுதி முடித்தார். நான்காவது அத்தியாயம் கண்டறிதல்கள், ஐந்தாவது விவாதம். என்ன கிடைத்தது என்று முன்னதிலும், அதற்கு என்ன அர்த்தம் என்று பின்னதிலும் சொல்ல வேண்டும் என்பது விதி. ஆராய்ச்சியார் இரண்டிலும் தம்மைப் பாராட்டிக்கொண்டார். ‘கிடங்குத் தொழில் இனி இவ்வாய்வுக்கு முன், இவ்வாய்வுக்குப் பின் என இரண்டாகப் பகுக்கப்படும்’ என்ற வாக்கியத்தை எழுதிவிட்டு, அதை இரண்டு முறை உரக்கப் படித்துப் பார்த்தார்.

வழிகாட்டிப் பேராசிரியை அவரைவிடப் பத்து வயது இளையவர். அவர் அறையில் உட்கார வேண்டுமானால் நாற்காலியில் இருக்கும் ஆய்வேடுகளைத் தூக்கி மேசையில் வைக்க வேண்டும். போகும்போது திரும்ப நாற்காலியில் வைக்க வேண்டும். அதைவிடச் சிரமம், அவரிடமிருந்து ஒரு பதிலை வாங்குவது. எதைக் கேட்டாலும் இன்னொரு கேள்வியைத்தான் கொடுப்பார்.

“மேடம், இது தேறுமா?”

“நீங்க என்ன நினைக்கிறீங்க?”

“எனக்கு நல்லா இருக்கிற மாதிரிதான் தெரியுது.”

“நாலாவது அத்தியாயத்துல ‘வியக்கத்தக்க வகையில்’னு பக்கத்துக்குப் பக்கம் வருதே, யார் வியந்தது?”

“நான்தான் மேடம்.”

“சாட்சி சொல்ல வந்தவர் கூண்டுல நின்னுக்கிட்டே வாதாடலாமா?”

ஆராய்ச்சியார் மடியில் இருந்த பையைத் தடவினார்.

“இந்தப் புள்ளி ஒன்பது ஏழு,” என்றார் பேராசிரியை, பக்கத்தை விரலால் தட்டி, “இதை மனுஷங்ககிட்டதானே கேட்டீங்க?”

“மனுஷங்கதான் மேடம். எனக்குக் கீழ வேலை பாக்குறவங்க.”

“அவங்கள்ல ஒருத்தராவது இப்படிக் கணக்குப் பிசகாம இருக்காங்களா?”

இந்த வயதில் எனக்குக் கிடைத்த எண் அந்த அம்மாவுக்குக் கிடைக்கவில்லை, பொறாமை என்று பேருந்தில் வரும்போது முடிவு கட்டிக்கொண்டார். இறங்கும் நிறுத்தத்தைத் தவறவிட்டார்.

மறுநாள் காலை அவர் மேசைக்கு முன் ஃபோர்க்லிஃப்ட் அக்கா வந்து நின்றாள். கிடங்கின் சுமைதூக்கி வண்டியை ஓட்டுபவள். ஆராய்ச்சியாரைவிட இளையவள்தான், ஆனால் ஒரு டன் சரக்கை ஒற்றை விரலால் தலைக்குமேல் உயர்த்துபவளைத் தங்கச்சி என்று கூப்பிடும் துணிச்சல் யாருக்கு வரும்?

“சார், இந்த மாசத்தோட நின்னுக்கலாம்னு இருக்கேன்.”

“நீங்களா? முடியாதுக்கா.”

“ஏன் முடியாது?”

“புள்ளிவிவரம் ஒத்துக்காது. இந்தக் கிடங்குலயே அதிகமாப் பயிற்சி எடுத்தது நீங்க. அதிகமா எடுத்தவங்கதான் இங்கயே இருக்கணும்னு அஞ்சு போட்டிருக்காங்க.”

“நான் ஒண்ணுதானே போட்டேன்!”

“அக்கா, அது பேர் போடாத கேள்வித்தாள். நீங்க என்ன போட்டீங்கன்னு என்கிட்ட சொல்லவே கூடாது.”

“சரி, சொல்லல. ஆனா ஒண்ணுதான் போட்டேன். பூஜ்யம் இருந்திருந்தா அதைத்தான் போட்டிருப்பேன்.”

ஆராய்ச்சியார் வாயைத் திறந்தபோது, உள்ளே பார்சல் ஓடும் பெல்ட் நின்றுபோய் மணி அடித்தது. ஓடினார். புதிதாகச் சேர்ந்த ஒருவர், வேலையைச் சுளுவாக்குகிறேன் என்று, அச்சடித்து வந்த முகவரிச் சீட்டுகளை எண் வரிசைப்படி அடுக்கியிருந்தார். பெட்டிகளையும் விட்டுவைக்கவில்லை, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கியிருந்தார். பிறகு முதல் சீட்டை முதல் பெட்டியில், இரண்டாவதை இரண்டாவதில் என்று வரிசையாக ஒட்டிக்கொண்டே போயிருந்தார். மூக்குக்கண்ணாடி போகவேண்டிய வீட்டுக்கு ஒரு சாய்வு நாற்காலி கிளம்பிக்கொண்டிருந்தது.

“தலையில ஏதாவது இருக்கா உங்களுக்கு?” என்று ஆராய்ச்சியார் கத்தினார். “சீட்டைத் தனியா அடுக்கி, பெட்டியைத் தனியா அடுக்கி, ரெண்டையும் சேர்த்து ஒட்டினா, பாக்க அழகாத்தான் இருக்கும்! எவன் சாமான் எவனுக்குப் போகும்னு…”

வாய் திறந்தபடி நின்றது.

எவனுடைய பயிற்சி, எவனுடைய விருப்பம். குறைந்த பயிற்சியைக் குறைந்த விருப்பத்தோடும், அதிகப் பயிற்சியை அதிக விருப்பத்தோடும் அவரே உட்கார்ந்து ஜோடி சேர்த்துவிட்டு, அடடா, என்ன பொருத்தம் என்று வியந்திருக்கிறார். வாழ்த்துரை வேறு.

“சார், ஏன் சிரிக்கிறீங்க?” என்றார் புதியவர், மிரண்டுபோய்.

“உங்களைத் திட்டுற தகுதி எனக்கு இல்லைங்க,” என்று சொல்லிவிட்டு, ஆராய்ச்சியாரே குனிந்து முதல் சீட்டை உரிக்கத் தொடங்கினார்.

நல்லவேளை, நிரப்பிய கேள்வித்தாள்கள் செருப்பு அலமாரிக்கு மேல் ஓர் அட்டைப்பெட்டியில் பத்திரமாக இருந்தன. அடுத்த ஞாயிறு, மனைவி ஒவ்வொன்றாக எடுத்துப் படிக்க, அவர் புதிதாகத் தட்டினார்.

“பயிற்சி ஆறு மணி. விருப்பம் நாலு. அடுத்தவர் வரலாம்!”

“இது ஆஸ்பத்திரி இல்லம்மா.”

“வாயைத் திறக்காம தட்டுங்க. உங்களுக்கு இன்னும் மரத்துப் போகல போல.”

மாலை வெளிச்சம் சாய்வதற்குள் முடிந்தது. இந்த முறை ஒரு கட்டத்தையும் அவர் அடுக்கவில்லை. கை பரபரத்தபோது இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். கெழு வந்தது. பூஜ்யம் புள்ளி பூஜ்யம் எட்டு. பயிற்சிக்கும் விருப்பத்துக்கும் தெருவில் பார்த்தால் முகம் திருப்புகிற உறவுதான்.

“போச்சு,” என்றார். “ஒண்ணுமே இல்லை. ஒண்ணுமே இல்லைன்னு எப்படி ரெண்டு அத்தியாயம் எழுதுறது?”

மனைவி ஒரு தாளைச் சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். இன்னொன்றையும். “ஏங்க, எல்லாக் கேள்விக்கும் சும்மா டிக் அடிச்சிருக்காங்க. இந்தப் பதினோராவது கேள்விக்கு மட்டும் ஏன் இத்தனை பேர் தாளைக் குத்திக் கிழிச்சிருக்காங்க?”

பதினோராவது கேள்வி, பக்கம் நிரம்பட்டும் என்று அவர் போகிற போக்கில் சேர்த்தது: அடுத்த வாரத்து வேலைநேரம் உங்களுக்கு முன்கூட்டியே தெரிகிறதா? அதன் பதில்களையும் அவள் படித்துத் தட்டச் சொன்னாள். விருப்பத்தோடு ஒட்டிப் பார்த்தார். புள்ளி ஆறு நான்கு.

ஆராய்ச்சியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். ஒவ்வொரு வரியையும் தாளோடு சரிபார்த்தார். மறுபடியும் போட்டார். புள்ளி ஆறு நான்குதான். இது அவர் ஜோடி சேர்த்தது அல்ல. தானாகச் சேர்ந்து நின்றது. ஆள் ஆளாக, வரி வரியாக. மாறாத நேரம் வாய்த்து முன்கூட்டியே தெரிந்தவர்கள் இருக்க நினைக்கிறார்கள், வாராவாரம் மாறுவதால் தெரியாதவர்கள் போக நினைக்கிறார்கள், பயிற்சி எத்தனை மணி என்றாலும் சரி.

நாற்காலியிலிருந்து குதித்தார். அப்புறம், குதித்த இடத்திலேயே நின்றார். கிடங்கில் வேலைநேரப் பட்டியல் போடுபவர் யார்? சனிக்கிழமை மாலை, எல்லாரும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும் நேரத்தில், திங்கட்கிழமைப் பட்டியலைக் கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டுபவர் யார்?

நான்காவது அத்தியாயத்தில் இந்த முறை யாரும் வியக்கவில்லை. கிடைத்ததைக் கிடைத்தபடி எழுதினார். பயிற்சி பற்றிய எதிர்பார்ப்பு பொய்த்தது என்று முதல் பத்தியிலேயே போட்டார். எழுதும்போது வலிக்கும் என்று நினைத்தார். பல் பிடுங்கியதுபோல் நிம்மதியாக இருந்தது. ஐந்தாவது அத்தியாயம்தான் படுத்தியது. ‘மேற்பார்வையாளர்கள் பட்டியலைத் தாமதமாக வெளியிடுவது தொழிலாளரின் குடும்ப வாழ்வைக் குலைக்கிறது’ என்று ஒருவழியாக எழுதி, மனைவியிடம் காட்டினார்.

“யாருங்க இந்த மேற்பார்வையாளர்கள்?”

“பொதுவா சொல்றதும்மா.”

“பொதுவா சொன்னாலும் ஆள் நம்ம வீட்டுல சாப்பிடுறவர் மாதிரி இருக்காரே!”

அவர் பேனாவைக் கடித்தார். பிறகு, ஆய்வின் குறைகளைச் சொல்லும் பகுதியில் ஒரு வாக்கியம் சேர்த்தார்: ‘இப்பட்டியலைத் தயாரித்து, சனிக்கிழமை மாலையில் ஒட்டி வந்தவர் இந்த ஆய்வாளரே.’

மனைவி அதைப் படித்தாள். அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரத்துப் பட்டியல் ஆறு நாள் முன்னதாகவே, செவ்வாய்க்கிழமை காலையிலேயே, சுவரில் ஏறியது. கிடங்கு முழுக்க அதன் முன் கூடிவிட்டது.

“என்ன ஆராய்ச்சி, நாள் மறந்துபோச்சா?”

“யாராவது இறந்துட்டாங்களா?”

ஃபோர்க்லிஃப்ட் அக்கா வண்டியில் இருந்தபடியே பட்டியலைப் படித்தாள். இரண்டு முறை படித்தாள். “வியாழக்கிழமை சாயங்காலம் எனக்கு லீவா? நிஜமாவா? போன வருஷத்துல இருந்து பொண்ணோட பள்ளிக்கூடத்துக்குப் போகணும்னு இருக்கேன்.”

“போய்ட்டு வாங்கக்கா. வேலையை விடுறதைப் பத்தி…”

“பாக்கலாம் சார்,” என்று சொல்லி வண்டியைத் திருப்பினாள். ஆனால் ஹாரனை இரண்டு முறை அடித்துவிட்டுப் போனாள். தேவையே இல்லாத இடத்தில்.

மாதம் முடிய இன்னும் நாள் இருக்கும்போதே ஆராய்ச்சியார் பேராசிரியையின் அறைக்குப் போனார். நாற்காலியில் இருந்த ஆய்வேடுகளைத் தூக்கி மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். பேராசிரியை இரண்டு அத்தியாயங்களையும் அவர் எதிரிலேயே படித்தார். பக்கம் புரளும் சத்தம் மட்டும். ஓரிடத்தில் நிறுத்தினார். ஆராய்ச்சியார் எட்டிப் பார்த்தார். அந்தச் சனிக்கிழமை மாலை வாக்கியம்.

“இதைக் கட்டாயம் எழுதணுமா?” என்றார் பேராசிரியை.

“கட்டாயம் மேடம். சாட்சி நான்தானே.”

பேராசிரியை கடைசிப் பக்கம் வரை போய், தாள்களைத் தட்டிச் சீராக்கி, மேசையில் வைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஆராய்ச்சியாருக்கு வழக்கமான கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. அதைக் கேட்டால் என்ன திரும்பி வரும் என்பதும் தெரியும். முந்திக்கொண்டார்.

“மேடம், நீங்க என்ன நினைக்கிறீங்க?”

பேராசிரியை மூன்று வருடத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார்.

“தேறும்,” என்றார். “தாராளமா தேறும். ஒரு எழுத்தையும் மாத்தாதீங்க.”